பொது பி.எட். மட்டும் வைத்து சிறப்புக் கல்வி எம்.எட். சேர முடியுமா?

ஊட்டி, கோத்தகிரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், “பொது பி.எட். போதும், சிறப்புக் கல்வி எம்.எட். சேரலாம்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கற்பிக்கும் சிறப்புக் கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் விதிப்படி சிறப்புக் கல்வி பி.எட். 50 சதவீத மதிப்பெண்ணுடன் வேண்டும். அது இல்லாமல் பொது பி.எட். மட்டும் படித்தவர்களுக்கு, கவுன்சில் அங்கீகரித்த சிறப்புக் கல்வி டிப்ளமோவும் கட்டாயம். பொது பி.எட்., டிப்ளமோ இரண்டிலும் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: ஆறு மாத ஆன்லைன் சான்றிதழையே டிப்ளமோ என்று நம்பிப் பணம் கட்டிவிடுகிறார்கள். பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

இன்னொன்று, அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. செவித்திறன், பார்வைத்திறன், அறிவுசார் குறைபாடு என்று பிரிவு வாரியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான். கோவைக்கு இறங்கிப் பணம் கட்டும் முன், கவுன்சில் இணையதளத்தில் படிப்பு, பிரிவு, ஆண்டு மூன்றையும் பாருங்கள். படித்து முடித்ததும் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பதிவு எண் வாங்க வேண்டும். பதிவில்லாமல் சிறப்பாசிரியராகப் பணியாற்றுவது 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி குற்றம்.