பிரேக் பிடிக்கலையாம்!

குன்னூர் மலைப்பாதையில் ஒரு கார் கவிழ்ந்தால் மறுநாள் செய்தியில் ஒரே வரிதான் வரும்: 'பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்து...' கார் என்றால் உயிரை விடுகிற ஆள் நான். அந்த வரியைப் படித்தாலே எரிச்சல் வருகிறது. நான் பார்த்தவரை பிரேக் பாவம், ஒன்றும் செய்யவில்லை. ஓட்டினவர்தான் மேலே ஆரம்பித்துக் கீழே வரைக்கும் மிதித்து மிதித்தே அதைக் கொன்றிருப்பார்.

கணக்கு ரொம்ப எளிது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 சொச்சம். இறங்குகிற அந்த 1,500 மீட்டரின் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். எதுவுமே தடுக்காமல் அத்தனையும் வேகமாக மாறினால் வண்டி மணிக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டும்! அதை விழுங்குகிற வேலையைத்தான் எஞ்சினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. செகண்ட் கியரில் இறங்கினால் எஞ்சின் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் எல்லாம் பிரேக் தலையில்தான். சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற பேடு சூடேறிப் பிடிமானம் போகும், மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும், பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்ட ஆயிலுக்கு அதே தரம் 140 தான் கேட்கிறது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், அது எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்பார்கள்.

நியூட்ரல் ஆசாமிகள் சொல்லும் காரணம் பெட்ரோல் மிச்சம். அதுவும் தப்பு. பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிற இன்றைய இஞ்செக்‌ஷன் வண்டிகளில் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடுவதற்காகக் குடித்துக்கொண்டிருக்கும். இன்னும் சில புத்திசாலிகள் சாவியையே அணைத்துவிடுகிறார்கள். நாலைந்து மிதியில், மிதிக்குப் பலம் கூட்டுகிற பிரேக் பூஸ்டர் காலி, ஸ்டியரிங்கும் இறுகிவிடும். அப்புறம் கடவுள் விட்ட வழி.

இதே பாதையில் இருக்கிற பர்லியாரில் பழக்கடை ஓரம் ஒரு வெள்ளை எஸ்யுவி நின்றிருந்ததைப் பார்த்தேன். முன் சக்கரத்திலிருந்து புகை, தெரு முழுக்கக் கருகின வாடை. ஆட்டோமேட்டிக் வண்டி, உச்சியிலிருந்து சாதாரண ஓட்டத்துக்கான டி-யிலேயே வந்திருக்கிறார்கள். இறக்கத்தில் வண்டியைக் கீழ் கியரில் நிறுத்தி வைக்க கியர் பக்கத்தில் இருக்கும் எல், எஸ் எல்லாம் எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. இளைஞர் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு குனிந்தார். மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த அக்கா ஒரு சத்தம் போட்டார்: "தம்பி, தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் போயிரும். அரை மணி நேரம் சும்மா நிக்கட்டும், ஆறிரும்." லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கினவருக்குத் தெரியாதது பழம் விற்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் பார்க்கிறாரே!

இது அறியாமை. சொல்லிக் கொடுத்தால் தீரும். எனக்குக் கோபமெல்லாம் தெரிந்தே செய்கிறவர்கள் மேல். கொண்டை ஊசி வளைவில் ஓவர்டேக், ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு ரீல்ஸ், சைலன்சரை மாற்றிக்கொண்டு ஐந்தாறு வண்டியாகச் சேர்ந்து விரட்டுவது. வளைவில் அரசுப் பேருந்து திரும்ப முழு ரோடும் வேண்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும் என்பது சட்டம். இவர்களோ வளைவின் உள்பக்கமாக வெட்டி ஏறுகிறார்கள், எதிரே யாரும் வரவில்லை என்று யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி. பலா சீசனில் கல்லாறு, பர்லியார் பக்கம் ரோட்டில் யானை நிற்கும். கோத்தகிரி ரோட்டில் மூடுபனிக்குள் காட்டெருமை நிற்கும், கறுப்பு உடம்பு, பக்கத்தில் போகும் வரைக்கும் தெரியாது. அது ஹாரனுக்கெல்லாம் நகராது.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டி ரோட்டைப் பார்த்துமா புத்தி வரவில்லை? 36 வளைவு, செங்குத்து இறக்கம். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்தது இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அதற்கப்புறம் வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கத் தடை. இன்றைக்கும் தலைகுந்தா செக்போஸ்டில் கூகுள் மேப்பைக் காட்டிச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இருக்கிறது. வேண்டியதுதான், சீசன் நெரிசலை அனுபவிக்கிற எங்களுக்குத் தெரியும். ஆனால் அது வண்டியை எண்ணுகிறது, ஓட்டுகிறவரைப் பார்ப்பதில்லை. பாஸ் கொடுக்கும்போதே இறக்கத்தில் எந்த கியர் என்று ஒரு நிமிட வீடியோ காட்டினால் என்ன குறைந்துவிடும்? அபராதத்தை நம்பிப் பயனில்லை. அபாயகரமாக ஓட்டி முதல் தடவை மாட்டினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவு சொல்கிறது. அபராதத்தோடு விட்டால் அவர்களுக்கு ஒரு நல்ல டயர் விலைகூட ஆகாது.

வேகம் எனக்கும் பிடிக்கும், சாமியார் வேஷம் போடவில்லை. மலை இறங்கினால் கோயம்புத்தூர், அங்கே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் அந்த ஊர்க்காரர்தான். டிராக்கில் எதிரே வண்டி வராது, ஹெல்மெட் இல்லாமல் விடமாட்டார்கள், தப்பு செய்தால் மண்ணில் போய் நிற்கலாம். மலையில் விரட்டுகிற நம் சூரர்களைக் கூப்பிட்டால் அங்கே வரமாட்டார்கள். ஸ்டாப் வாட்ச் உண்மையைச் சொல்லிவிடும் என்ற பயம்.

கார் பிரியர்கள் என்று சொல்லிக்கொள்கிற நாமும் இந்த வீடியோக்களுக்கு ஹார்ட் போடுவதை நிறுத்த வேண்டும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கோத்தகிரி ரோட்டு வளைவில் பின்சக்கரம் வழுக்க ஓட்டிய வீடியோவைப் பெருமையாகப் போட்டார். பின்னால் ஒரு தேயிலைத் தோட்டத்து ஜீப் ஓரம் ஒதுங்குவதும் அதில் தெரிந்தது. பேசிப் பார்த்தோம், கேட்கவில்லை, அன்றைக்கே நீக்கிவிட்டோம். எங்களுக்கு ஓட்டத் தெரியாததால் பொறாமை என்று இப்போது ஊரெல்லாம் சொல்கிறாராம். சொல்லிவிட்டுப் போகட்டும்.