குழியை மூடுவதற்கு யார் காசு?

சுரங்கம் என்று பேச்சு எடுத்தாலே அனுமதி கொடுத்தது யார், எந்த ஆட்சியில் என்ற சண்டையிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. தோண்டி முடித்த பிறகு அந்த நிலத்தை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு வருவதே இல்லை.

நம் நாட்டில் எல்லாவற்றுக்கும் அடிப்படை 1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டம். 2015-ல் அதைத் திருத்தி ஏலத்தைக் கட்டாயமாக்கினார்கள், ஏலம் எடுத்தவருக்கு 50 வருடக் குத்தகை. 2023-ல் இன்னொரு திருத்தம்: லித்தியம், டங்ஸ்டன் மாதிரியான முக்கியக் கனிமங்களை ஒன்றிய அரசே ஏலம் விடலாம். அந்த வழியில்தான் 2024 நவம்பரில் மதுரை மாவட்டத்தில் மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2,015 ஹெக்டேர், ஏலம் போனது. அதற்குள்ளேயே அரிட்டாபட்டியும் இருந்தது, 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்த 193 ஹெக்டேரும் சேர்த்து. தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டு இருக்கிற மலை அது! ஊர் மக்கள் மதுரை வரைக்கும் நடந்து போய்க் கேட்ட பிறகு, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

சரி, ரத்தாகிவிட்டது. ஆனால் சட்டத்தின் வரிசை மாறவில்லை. முதலில் ஏலம், சுற்றுச்சூழல் அனுமதி அதற்குப் பிறகு. பணம் கட்டி ஒருவர் உரிமை வாங்கிய பிறகு, அரசுக்கும் அதில் வருமானம் என்று ஆன பிறகு, "இங்கே தோண்டக் கூடாது" என்று எந்த அதிகாரி எழுதுவார்?

மூடும் விஷயத்துக்கு வருகிறேன். சுரங்க மூடல் திட்டம் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்குப் பிணையாக நிதி உத்தரவாதமும் கொடுக்க வேண்டும், மூடாமல் போனால் அரசு எடுத்துக்கொள்ளும் தொகை அது. பெரிய சுரங்கம் என்றால் பயன்படுத்தும் நிலத்தில் ஹெக்டேருக்கு 5 லட்சம், 2021 வரை அது 3 லட்சமாகத்தான் இருந்தது. ஒரு ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். அத்தனை பரப்பில் பல மாடி ஆழத்துக்குத் தோண்டிய பள்ளத்தை நிரப்பி, மேல்மண் போட்டு, புல்லும் மரமும் பிடிக்கிற வரை தண்ணீர் விட்டுப் பார்க்க 5 லட்சம் எந்த மூலைக்கு? உத்தரவாதத்தை விட்டுவிட்டுப் போவதே லாபம் என்று கணக்குப் போடுகிறவனை இந்தத் தொகை எப்படித் தடுக்கும்?

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: சுரங்கம் முடிந்ததும் அந்த நிலத்தில் மறுபடி புல் வளர்க்க வேண்டும், தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் வளரக்கூடிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதைக் குத்தகையிலேயே நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

சாதாரணக் கல்லும் கிரானைட்டும் சட்டத்தின் கணக்கில் 'சிறு கனிமம்' என்ற தனி வகை. அதற்கான விதிகள் மாநில அரசின் கையில். கைவிட்ட கல்குவாரி ஒன்றின் விளிம்பில் போய் நின்று பாருங்கள். படிப்படியாக இறக்கி வெட்ட வேண்டிய சுவர் நேர்குத்தாக நிற்கும். கீழே பச்சையாகத் தண்ணீர், ஆழம் யாருக்கும் தெரியாது. வேலி இருந்த இடத்தில் இரண்டு கல்தூண்தான் மிச்சம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் அதில்தான் குளிக்க இறங்குகிறார்கள். செய்தித்தாளில் ஒரு பெட்டிச் செய்தி வரும், கூடவே "பொதுமக்கள் கோரிக்கை" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

சுரங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் இருக்கிற செல்போனிலிருந்து மின்கம்பி வரை எல்லாமே எங்கேயோ தோண்டி எடுத்ததுதான். பாதிக்கப்பட்ட பகுதிக்கென்று 2015-ல் மாவட்டக் கனிம அறக்கட்டளை கொண்டுவந்தது நல்ல ஏற்பாடு, ஏலக் குத்தகை என்றால், கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல் அதில் 10 சதவீத அளவு தொகை அதற்குப் போகிறது, பழைய குத்தகை என்றால் 30. அந்தக் காசு குடிநீருக்கும் மருத்துவமனைக்கும் போகட்டும். குழியை மூடுவது தோண்டியவர் பொறுப்பு, அதை இந்த நிதியின் தலையில் கட்டக் கூடாது.

எனக்கு வேண்டியது இதுதான். ஏலத்துக்கு முன்பே கிராம சபையைக் கேட்க வேண்டும். மூடுவதற்கு நிஜமாக ஆகும் செலவைக் கணக்கிட்டு, வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் வருடா வருடம் பிடித்து வைக்க வேண்டும். பழைய குழியை மூடாதவர் அடுத்த ஏலத்தில் கலந்துகொள்ளவே கூடாது, பினாமி பெயரிலும்தான். அப்புறம், அந்த மூடல் திட்டத்தைத் தமிழில் எழுதி, எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்து, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.