போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசியுங்கள்

ஊட்டி, குன்னூர் பக்கம் நாலு பேர் கிடாரோடு உட்கார்ந்தால் முதலில் வெளியே வருவது போன். கார்ட்ஸ் (சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) தேடி, திரையைப் பார்த்தபடியே வாசிக்கிறார்கள். பாடுகிறவர் ஒரு வரியை இழுத்தால்கூட யாருக்கும் தெரிவதில்லை. இதற்கு எதற்குக் கூடி உட்கார வேண்டும்?

பாட்டைக் காதால் கேட்டே எடுப்பது வரம் ஒன்றும் இல்லை. வாத்தியத்தைத் தொடாமல் பாட்டை நாலைந்து தடவை கேளுங்கள். பல்லவி எங்கே வந்து நிற்கிறதோ அதை முனகிப் பிடித்தால், அநேகமாக அதுதான் ஸா, பாட்டின் ஆதார ஸ்வரம். அடுத்து மெட்டை மறந்துவிட்டு பேஸை (அடியில் ஒலிக்கும் கனத்த ஸ்வரத்தை) மட்டும் கேட்டு, கிடாரின் தடித்த இரண்டு கம்பிகளில் தேடுங்கள். கார்ட் மாறும் இடம் அங்கேதான் பளிச்சென்று தெரியும். அந்த ஸா, மேற்கத்தியப் பெயரில் ஜி என்றால் முதலில் சி, டி, இ மைனர் போட்டுப் பாருங்கள். மேஜரா மைனரா என்று குழம்பினால் காந்தாரத்தை, அதாவது 'க'வை, பாடிப் பார்த்தால் போதும். எந்தக் கட்டையிலும் (சுருதி அளவிலும்) ஒட்டவில்லையா? பழைய கேசட்டிலிருந்து எடுத்த பதிவாக இருக்கலாம். ஓட்டவேகம் மாறி, சுருதி இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கும். உங்கள் காதைக் குறை சொல்லாதீர்கள்.

நம் மலையில் இன்னொரு தொல்லை உண்டு, குளிர். குளிரில் கிடார் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், புல்லாங்குழலுக்கோ இறங்கும். 10 டிகிரி வித்தியாசத்துக்குக் குழல் கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். ஆள் கூடி அறை சூடேறினால் இரண்டும் எதிரெதிராக ஓடும். அதனால் வந்ததும் சுருதி சேர்க்காமல் ஒரு கால் மணி கழித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியம் இருந்தால் அதற்கே எல்லோரும் பணியட்டும். ஐப்பசி மழையில் கோத்தகிரியில் தோல் வாத்தியம் தொய்ந்துபோகும்; தப்பட்டையை அனலில் காட்டியே ஆகவேண்டும்.

நீலகிரிப் பழங்குடிகளான கோத்தரின் இசையைக் கவனியுங்கள். எழுதிவைத்த ஸ்வரம் கிடையாது. குழல் மெட்டு ஒவ்வொரு அடிக்கும் ஒட்டி நிற்காமல், இழுத்தும் நெருக்கியும் போய், சில இடங்களில் மட்டும் மேளத்தோடு வந்து சேரும். பக்கத்து ஆளைக் கேட்காமல் இது நடக்குமா?

குழுவில் புதிதாக உட்கார்ந்தால், தெரியாத இடத்தில் கம்பியை அமுக்கித் தாளம் மட்டும் தட்டுங்கள். தெரிந்தவரின் இடதுகையைப் பாருங்கள். இரண்டு கிடார் ஒரே கார்டை ஒரே இடத்தில் போடுவது வீண். ஒருவர் ஜி வாசித்தால் மற்றவர் ஐந்தாம் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அமுக்கிப் பிடிக்கும் கவ்வி) மாட்டி டி பிடிக்கலாம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மட்டும் தயவுசெய்து யாரும் எதையும் நோண்டாதீர்கள். அடுத்த பாட்டுக்குப் பாடுகிறவர் சுருதி பிடிப்பது அந்த அமைதியில்தான்.