காசு கொடுத்தவனுக்கு மட்டும் பூட்டு

நேற்றைய கூத்தை மறுபடி விவரிக்கப் போவதில்லை, எல்லோரும் பார்த்ததுதான். நாங்கள் வேலைக்குப் பயன்படுத்தும் மென்பொருளின் லைசென்ஸ் சர்வர், அதாவது காசு கட்டினோமா என்று சரிபார்க்கும் கம்பெனிக் கணினி, படுத்தது. சந்தா கட்டியவர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். கிராக் போட்டு, அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியை, ஓட்டுகிறவனுக்கு சர்வர் விழுந்த சேதியே போய்ச் சேர்ந்திருக்காது. இதில் "பைரசி ஒழியணும்னா கொஞ்சம் சிரமத்தைப் பொறுத்துக்கத்தான் வேணும்" என்று உபதேசம் வேறு. பொறுத்துக்கொண்டது யார் என்று தெரிகிறது. ஒழிந்தது யார்?

கிராக் ஒன்றும் மந்திரமில்லை. 'லைசென்ஸ் இருக்கிறதா' என்று மென்பொருள் ஓரிடத்தில் சோதிக்கிறது. பதில் எதுவானாலும் 'இருக்கிறது' பக்கமே போகும்படி அங்கே சில பைட்டுகளை மாற்றிவிடுகிறார்கள். பத்து இடத்தில் சோதித்தால் பத்து இடத்திலும். ஒரே ஒரு ஆள் மெனக்கெட்டால் போதும், மற்றவர்கள் இறக்கிக்கொள்வார்கள். அதற்கப்புறம் அந்தப் பிரதியில் பூட்டு என்று ஒன்று கிடையாது. பூட்டு விசுவாசமாக வேலை பார்ப்பது காசு கொடுத்தவன் கணினியில் மட்டும்.

அது பார்க்கிற வேலையைப் பாருங்கள். பொறியியல் மென்பொருள் பலவற்றில் இருப்பது ஃப்ளெக்ஸ்நெட் என்ற பூட்டு. லைசென்ஸ் கோப்பை நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் அட்ரஸோடு கட்டிவைப்பது வழக்கம். அந்த அட்ரஸ், மேசையில் லேப்டாப்பைச் செருகிவைக்கும் டாக்கினுடையது என்றால், டாக்கைக் கழற்றிய நிமிடம் மைனஸ் 9 பிழை: இது அந்தக் கணினி இல்லை. மதர்போர்டை மாற்றினாலும் இதே பதில்தான்.

தேதி விவகாரம் இன்னும் அழகு. ஏதோ கோளாறில் கணினிக் கடிகாரம் அடுத்த வருஷத்துக்கு ஓடிவிடுகிறது. கவனித்துச் சரிசெய்துவிடுகிறீர்கள். இடையில் எழுதப்பட்ட கோப்புகள் எதிர்காலத் தேதியோடு அப்படியே கிடக்கும். லைசென்ஸ் சோதனை அவற்றைப் பார்த்து, காலாவதியை ஏமாற்றக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டீர்கள் என்று முடிவுகட்டி மைனஸ் 88 போடும். இன்றைய தேதி சரியாக இருந்தும் விடாது. சிஸ்டம் ஃபோல்டரையும் டெம்ப் ஃபோல்டரையும் தேதிவாரியாக அடுக்கி, நாளைக்குப் பிறந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். கிராக்காரன் தேடுவானா? அவனுக்கு மைனஸ் 88 என்றால் என்னவென்றே தெரியாது.

இதே ஃப்ளெக்ஸ்நெட்டின் ஒரு வகை, ஹார்ட் டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷனுக்கு (பகுதிக்கு) முன்னால் இருக்கும் காலி இடத்தில், 32ஆம் செக்டர் என்ற சிறு துண்டில், யாரையும் கேட்காமல் தன் குறிப்பை எழுதிவைத்தது. லினக்ஸையும் சேர்த்து வைத்திருப்பவர்களின் கணினியைத் துவக்கிவைக்கும் க்ரப் பூட்லோடர் குடியிருந்ததும் அதே இடம்தான். மென்பொருளை நிறுவுகிறீர்கள், மறுநாள் கணினி எழுந்திருக்க மறுக்கிறது. கடைசியில் க்ரப் எழுதியவர்கள்தான் அந்த செக்டரை அடையாளம் கண்டு ஒதுங்கிப்போகக் கற்றுக்கொண்டார்கள். வீடு அவர்களுடையது, ஒதுங்கியதும் அவர்களே.

டாங்கிள், அதாவது கணினியில் செருகிவைத்தால்தான் மென்பொருள் ஓடும் என்கிற சாவி, அது மட்டும் என்ன யோக்கியம்? ஹாஸ்ப், ஹார்ட்லாக் போன்ற டாங்கிள்களின் பழைய டிரைவர் ஒன்று கிடந்தாலே விண்டோஸில் மெமரி இன்டெகிரிட்டி என்ற பாதுகாப்பு ஆன் ஆகாமல் அடம்பிடிக்கும். பாதுகாப்பா, மென்பொருளா, நீங்களே தேர்ந்தெடுங்கள்.

"அப்போ எழுதினவன் பட்டினி கிடக்கணுமா?" என்பீர்கள். கிடக்க வேண்டாம். காசு கொடுத்துவிட்டுத்தான் ஐயா பேசுகிறோம்! "கிராக்ல வைரஸ் வரும்" என்பீர்கள். வரும், மறுக்கவில்லை. ஆனால் 2005இல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம், காப்பி தடுக்கிறேன் என்று இசை சிடிக்குள் வைத்த, கணினிக்குள் மறைந்துகொள்ளும் ரூட்கிட் நிரலும் திருட்டு சிடியில் வரவில்லை. கடையில் வாங்கிய அசல் சிடியில் வந்தது. அது போட்டுக்கொடுத்த மறைவிடத்தில் பிறகு டிரோஜன் என்கிற உண்மையான தீய நிரல்களே போய் ஒளிந்துகொண்டன. "கணினி விளையாட்டுகளில் பூட்டு முதல் சில வாரம் விற்பனையைக் காப்பாற்றும்" என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்தச் சில வாரம் முடிந்ததும் கழற்ற வேண்டியதுதானே? சிலர் கழற்றவும் செய்கிறார்கள். மற்றவர்களுக்கு என்ன நோவு?

கழற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதைதான். சேஃப்டிஸ்க் என்ற காப்பித் தடுப்புப் பூட்டைப் போட்ட பழைய விளையாட்டுகளின் அசல் டிஸ்க்குகள் 2015இல் வந்த விண்டோஸ் 10இல் வேலை செய்யவில்லை. அதன் டிரைவர் ஆபத்தானது என்று விண்டோஸே ஏற்க மறுத்துவிட்டது. இப்போது அந்த அசல் டிஸ்க்கை ஓட்ட வேண்டுமென்றால் கிராக்தான் கதி. வாங்கியவனையே கிராக் தேட வைத்தாயிற்று. அடோபி நிறுவனம், ஃபோட்டோஷாப் அடங்கிய தன் பழைய சிஎஸ்2 தொகுப்புக்கான ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது, ஆக்டிவேஷனே தேவைப்படாத பதிப்பை அந்த நிறுவனமே வெளியிட்டது. மரியாதையான காரியம். எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்?

எனக்கு வேலை நின்றதுகூடப் பெரிதில்லை. திரையில் வந்த வாசகம்தான் உறுத்துகிறது: 'உங்கள் பிரதி அசலானது என உறுதிசெய்ய முடியவில்லை'. சர்வர் விழுந்தது அவர்களுடையது, சந்தேகம் நம் மேல். 2007 ஆகஸ்டில் விண்டோஸ் அசல் சோதனை சர்வர் கோளாறாகி, ஏறக்குறைய ஒரு நாள் அசல் பிரதிகளுக்குப் போலி முத்திரை குத்தியதே, அதே குரல். இத்தனை வருஷத்தில் 'எங்கள் சர்வரில் கோளாறு' என்று ஒரு வரி எழுத மட்டும் யாருக்கும் கை வரவில்லை.

சப்போர்ட்டுக்கு எழுதினீர்களா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: எழுதியாயிற்று. பதிலும் வந்துவிட்டது. வாங்கியதற்கு அத்தாட்சியாக இன்வாய்ஸ் நகல் அனுப்பச் சொல்கிறார்கள்.