மறுபடியும் அதே கார்னர், அதே கோல்

நம் கால்பந்து அணிக்கு மறுபடியும் தோல்வி. அதுவும் 88-வது நிமிடத்தில், மைதானத்தின் மூலையிலிருந்து உதைக்கிற கார்னர் கிக்கில். இந்த சீசனில் எத்தனை முறைதான் இதே கோலை வாங்குவது? பந்து உயர வருகிறது, நம் தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரும் பந்தையே பார்க்கிறார்கள், பின்னாலிருந்து ஓடிவருகிற எதிரணி ஆளை ஒருவரும் பிடிப்பதில்லை. பள்ளிக்கூடப் பையன்களுக்கே சொல்லித்தருகிற பாடம் இது! சரி, பயிற்சியாளராவது விழித்துக்கொண்டாரா? 5 மாற்று வீரர்களை இறக்கலாம் என்று விதியே இருக்கிறது. முதல் ஆளை இறக்கியதே 80 நிமிடம் கழித்துத்தான். அதற்குள் நடுக்களத்தில் எல்லோருக்கும் கால் ஓய்ந்துவிட்டது. டிரா செய்திருந்தால் 1 புள்ளியாவது வந்திருக்கும். அதைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையே! தொண்டை கட்டும்வரை கத்திய எங்களுக்கு யார் பதில் சொல்வது? அடுத்த வாரமும் போய் உட்காரத்தான் போகிறோம்.