கேமராவுக்குத் தெரிவது பெயின்ட் மட்டும்தான்

கோட்டைப் பார்த்துக் காரே ஸ்டியரிங்கைத் திருப்பி லேனுக்குள் வைத்துக்கொள்ளும் "லேன் அசிஸ்ட்" வசதியை நம்பி, நால்வழிச் சாலையில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டே போகும் அந்த ரீலை நேற்றிலிருந்து எனக்கு அனுப்பாதவர்களே இல்லை. "அதை நம்பிக் கையை விடாதீர்கள்" என்று அதன் கீழே நான் போட்ட ஒரு கமென்ட்டுக்கு "மாட்டுவண்டியில் போங்க அண்ணே" என்று பதில். வலித்தது. அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

ரியர்வியூ மிரருக்குப் பின்னால் இருக்கும் கேமராவுக்குச் சாலை தெரியாது. தார்மேல் வெள்ளைக் கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியும். கோடு மங்கினால் அதற்கு லேனே இல்லை.

கோட்டுப் பெயின்ட்டில் பொடிக் கண்ணாடி மணிகளைத் தூவியிருப்பார்கள். ஹெட்லைட் வெளிச்சத்தை நம் பக்கம் திருப்பி அனுப்புவது அவைதான். மழைத் தண்ணீர் மேலே படலமாக நின்றுவிட்டால் அந்த வெளிச்சம் திரும்பி வராது. சாயங்கால எதிர்வெயிலில், விரிசலை அடைக்க ஊற்றிய தார் பளபளக்கும். அதையே கோடென்று கேமரா எடுத்துக்கொள்வதும் உண்டு. பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு போட்ட இடத்தில் இரண்டுமே தெரியும். எதைப் பிடிக்குமோ!

"நம்ம ஊர் ரோடு அப்படி, அமெரிக்காவில் இப்படி ஆகாது" என்கிறார்கள். 2018 மார்ச் 23, கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூ. ஆட்டோபைலட்டில் (டெஸ்லாவின் இதே மாதிரி ஓட்டுநர் உதவி வசதி) போன டெஸ்லா மாடல் எக்ஸ் கார், பாதை பிரியும் இடத்தில் நடுவிலிருந்த முக்கோணப் பகுதிக்குள் நுழைந்து, சுமார் 114 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதியது. ஓட்டியவர் இறந்துபோனார். அவர் கவனம் போனில் இருந்திருக்கலாம் என்றது விசாரணை. நானும் அதைத்தானே சொல்கிறேன்? கேமரா பெயின்ட்டைத்தான் பார்க்கும், சாலையை நாம்தான் பார்க்க வேண்டும்.

"இப்ப முன்னேறிடுச்சு" என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தூக்கக் கலக்கத்தில் வண்டி கோட்டைத் தாண்டும்போது ஸ்டியரிங் அதிர்ந்து எழுப்பினால் உயிர் தப்பும். அதை அணைத்து வையுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. ராங் சைடில் வரும் பைக்குக்காகச் சட்டென ஒதுங்கினால், இண்டிகேட்டர் போடாதவரை ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் இழுக்கும், இறுக்கிப் பிடியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதைவிட எனக்கு ஆத்திரம் முன்கண்ணாடி விஷயத்தில். கேமரா இருப்பது அதில்தான் என்பதால், கண்ணாடி மாற்றினால் கேமராவைக் கேலிபரேட் செய்தே ஆக வேண்டும், அதாவது அது பார்க்கும் கோணத்தை அளந்து சரிசெய்ய வேண்டும். மேடுபள்ளமில்லாத சமதரை, சரியான டயர் காற்று, கம்பெனி சொன்ன தூரத்தில் டார்கெட் போர்டு (கேமரா பார்த்து அளக்கும் குறிப்பலகை), காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் இத்தனையும் வேண்டும். சில மாடல்களை நல்ல கோடுள்ள சாலையில் ஓட்டியும் காட்ட வேண்டும். கண்ணாடி மாற்றும் கடைகளில் "அதெல்லாம் தேவையில்லை சார்" என்று அனுப்பிவிடுகிறார்கள். கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 50 மீட்டர் தள்ளி 87 செ.மீ. பிசகும். நம் நெடுஞ்சாலை லேன் 3.5 மீட்டர், கார் 1.8 மீட்டர் என்றால் பக்கத்துக்கு மிஞ்சுவதே 85 செ.மீ.தான். கேலிபரேஷன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஃபாஸ்டேக்கைக் கேமராவுக்கு முன்னால் ஒட்டாதீர்கள். டேஷ்போர்டில் வெள்ளைத் துணி விரிக்காதீர்கள், முன்கண்ணாடியில் அது பிரதிபலிக்கும்.

இதையெல்லாம் டெலிவரி அன்றைக்கு ஷோரூமில் சொல்லியிருக்க வேண்டும். மாலை போட்டு போட்டோ எடுக்க நேரம் இருக்கிறதே!

அந்த ரீலை இன்னொருமுறை பாருங்கள். தம்பி திரும்பிப் பேசுவது நாலு நொடி. மீட்டரில் 80. கிட்டத்தட்ட 90 மீட்டர். அதற்குள் மீட்டரில் பச்சையாக இருந்த ஸ்டியரிங் குறி ஒருமுறை சாம்பலாகி (அந்த நேரம் லேன் அசிஸ்ட் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்), மறுபடி பச்சையாகிறது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. பின்சீட்டில் குழந்தை பெல்ட் இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறது.