இஃபிஜெனியா கேஸ் என்ன ஆச்சு?

போன வாரம் ஒரு வாசிப்புக் கூட்டம் போயிருந்தேன், உலக நாடகங்கள் பத்தி ஒருத்தர் பேசினார். நல்லாத்தான் பேசினார், குறை சொல்லல. ஆனா ஒரெஸ்டியா வந்தப்ப எல்லாரும் சொல்ற அதே லைனைத்தான் அவரும் சொன்னார், பழிக்குப் பழின்னு வெட்டிக்கிட்டு இருந்த மனுஷன் கடைசியில கோர்ட்டுப் படி ஏறினான், நாகரிகம் பிறந்துச்சுன்னு. எனக்கு அங்கேயே கையைத் தூக்கிக் கேக்கணும்னு இருந்துச்சு, அதுக்குள்ள டீ வந்துருச்சு, கூட்டமும் கலைஞ்சிருச்சு. அதான் இங்க வந்து கொட்டுறேன். பதிவு நீளம், பொறுமை இல்லாதவங்க ஒரு லைக்கைப் போட்டுட்டு நகர்ந்துடுங்க, கோச்சுக்க மாட்டேன்.

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் விவரம். ஒரெஸ்டியாங்கிறது ஒரே நாடகம் கிடையாது, மூணு நாடகம், ஒண்ணோட கதை முடியுற இடத்துல அடுத்தது ஆரம்பிக்கும். எழுதினவர் ஈஸ்கிலஸ். கி.மு. 458ல ஏதென்ஸ்ல டயோனிசஸ் சாமி திருவிழாப் போட்டியில முதல் பரிசு இதுக்குத்தான். கிரேக்கத்துல இப்படி மூணு மூணா எழுதினதுல முழுசா நம்ம கைக்கு வந்து சேர்ந்தது இது மட்டும்தான். எழுதின ஆளு மாரத்தான் போர்ல நின்னு சண்டை போட்டவர், ரத்தம்னா என்னன்னு ஏட்டுல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவர் இல்ல. அது படிக்கும்போதே தெரியும்.

கதை ட்ராய் போர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தொடங்கிடுது. ஆர்கோஸ் ராஜா அகமெம்னானோட தம்பி பொண்டாட்டி ஹெலன், அவளை ட்ராய் இளவரசன் கூட்டிட்டுப் போயிட்டான், தம்பி மானத்தைக் காப்பாத்தணும்னு இவன் பெரும்படையைத் திரட்டிக்கிட்டு ஆலிஸ்ங்கிற துறைமுகத்துல வந்து நிக்கிறான். எதிர்க்காத்து. கப்பல் நகர மாட்டேங்குது, சோறு தீருது, கயிறெல்லாம் இத்துப்போகுது, பசங்க வெறுத்துப் போறாங்க. குறி சொல்ற கால்காஸ் வந்து, ஆர்ட்டெமிஸ் தெய்வம் கோவமா இருக்கா, உன் பொண்ணைப் பலி குடுத்தாத்தான் காத்து திரும்பும்னு சொல்றான். அகமெம்னான் கையில இருந்த கோலால தரையை அடிக்கிறான், அழறான், பெத்த பொண்ணை எப்படிக் கொல்றது, படையை எப்படிக் கைவிடறதுன்னு ரெண்டு பக்கமும் பேசறான். பேசி முடிச்சிட்டு, குடுத்துடறான்.

அந்தப் பொண்ணுதான் இஃபிஜெனியா. மேடையில அவ வரவே மாட்டா. நாடகம் ஆரம்பிக்கும்போது அவ செத்து பத்து வருஷம் ஆச்சு. ஊர்க் கிழவனுங்க கூட்டமா நின்னு பாடுறாங்க, அதுலதான் நமக்கு எல்லாம் தெரியுது. "அப்பா, அப்பா"ன்னு அவ கூப்பிட்டதை யாரும் கணக்குலயே எடுத்துக்கல. சாமி கும்பிட்டு முடிச்சிட்டு அப்பனே ஆளுங்க கிட்ட சொல்றான், ஆட்டுக்குட்டியைத் தூக்கற மாதிரி தூக்கிப் பலிபீடத்து மேல பிடிங்கடான்னு. வாயைக் கட்டச் சொல்றான், ஏன்னா சாகும்போது அவ வாயில இருந்து ஒரு சாபம் வந்து வீட்டு மேல விழுந்துடக் கூடாது பாருங்க! அவ போட்டிருந்த குங்குமப்பூ சாயத் துணி அப்படியே தரையில வழியுது. வாயைக் கட்டியாச்சு, அதனால கண்ணாலயே ஒவ்வொருத்தனையும் பாக்கறா, பேச வர்ற மாதிரி. ஏன்னா அங்க நிக்கிறவனுங்க எல்லாம் தெரிஞ்ச முகம்தான், அவ அப்பா வீட்டு விருந்துல உக்காந்து அவ பாட்டைக் கேட்டவனுங்க. அதுக்கு மேல கிழவனுங்க சொல்ல மாட்டாங்க. நடந்ததை நான் பாக்கல, சொல்லவும் மாட்டேன்னு நிறுத்திக்குவாங்க. எனக்கு இந்த நாடகத்துல உடம்பு சில்லுன்னு ஆன இடம் இதுதான், அவ்வளவு கொலை நடக்கற கதையில நடக்கறதைச் சொல்லாம விட்ட இந்த ஒரு இடம்.

சரி, பத்து வருஷம் கழிச்சு வருவோம். அரண்மனை மொட்டை மாடியில ஒரு காவக்காரன் நாய் மாதிரி முழங்கையில தலையை வச்சுப் படுத்து ஒரு வருஷமா மலை உச்சியைப் பாத்துக்கிட்டே இருக்கான், ட்ராய் விழுந்தா தீ எரியும்னு. தீ எரியுது. இடா மலையில ஆரம்பிச்சு லெம்னோஸ், ஆத்தோஸ்னு மலைக்கு மலை தாவி ஒரே ராத்திரியில செய்தி ஆர்கோஸ் வந்து சேருது. இந்த ஏற்பாடு மொத்தமும் கிளைடெம்னெஸ்ட்ரா வேலை. அகமெம்னான் பொண்டாட்டி, இஃபிஜெனியா அம்மா. புருஷன் இல்லாத பத்து வருஷமும் ஊரை ஆண்டது அவதான். கிழவனுங்க அவ சொன்னதை நம்பாம பொம்பளை கனா கண்டிருப்பான்னு முணுமுணுக்கறாங்க, அவ எந்த மலையில இருந்து எந்த மலைன்னு வரிசையா ரூட் மேப் மாதிரி சொல்லி வாயை அடைக்கிறா.

அகமெம்னான் தேர்ல வந்து இறங்கறான், பக்கத்துல ட்ராய் இளவரசி கஸாண்ட்ரா, அடிமையா பிடிச்சிட்டு வந்தது. கிளைடெம்னெஸ்ட்ரா வாசல்ல இருந்து உள்ள வரைக்கும் கருஞ்சிவப்புத் துணியை விரிக்கிறா. சாமிக்கு விரிக்கற துணியில நான் மிதிக்கலாமான்னு அவன் பிகு பண்றான், ரெண்டு வார்த்தை ஏத்தி விட்டதும் செருப்பைக் கழட்டிட்டு நடந்துடறான். பொண்ணைக் கொல்லும்போதும் இதேதான் பண்ணான்னு நமக்கு உறைக்கும். முதல்ல முடியாதுன்னு ஒரு பேச்சு, அப்புறம் சரின்னு ஒரு நடை.

உள்ள போனவன் குளியல் தொட்டியில முடிஞ்சான். வலை மாதிரி ஒரு அங்கியைப் போத்தி மூணு வெட்டு. கிரேக்க மேடையில கொலையைக் காட்ட மாட்டாங்க, சத்தம் மட்டும் வெளிய கேக்கும். கேட்டதும் கிழவனுங்க 12 பேரும் ஆளுக்கு ரெண்டு வரி ஆலோசனை பண்றாங்க, ஊரைக் கூட்டலாமா, உள்ள பாயலாமா, முதல்ல நிஜமாவே செத்துட்டாரான்னு தெரிஞ்சுக்கலாமேன்னு! நம்ம அபார்ட்மெண்ட் வாட்ஸப் க்ரூப் அப்படியே. கதவு திறக்குது, அகமெம்னான், கஸாண்ட்ரா ரெண்டு பேர் பொணத்துக்கும் நடுவுல கிளைடெம்னெஸ்ட்ரா நிக்கிறா, ஒளிக்கல, மறைக்கல. அவன் ரத்தம் மேல தெறிச்சப்ப மழையைப் பாத்த பயிர் மாதிரி குளுந்து போச்சுன்னு சொல்றா.

கிழவனுங்க உன்னை ஊரை விட்டுத் தள்ளணும்னு குதிக்கிறாங்க. அதுக்கு அவ சொல்ற பதில் இருக்கே, என் வார்த்தையில சொல்றேன்: இன்னிக்கு எனக்குத் தண்டனை குடுக்க ஓடி வர்றீங்களே, தொழுவம் நெறைய ஆடு இருக்கும்போது காத்துக்காக நான் பெத்த பொண்ணை அறுத்தானே, அன்னிக்கு அவனை ஊரை விட்டுத் துரத்தினீங்களா?

இதுக்கு அந்த மூணு நாடகத்துலயும் யாரும் நேரா பதில் சொல்லல. இதுதான் என் பாயிண்ட்டே, இதை வச்சுத்தான் மீதியைப் படிக்கணும்னு சொல்றேன்.

அவளை நல்லவளாக்கப் பாக்கறேன்னு நினைக்காதீங்க. ஏஜிஸ்தஸ்னு ஒருத்தனோட சேர்ந்துதான் திட்டம் போட்டா, அவனுக்கு வேற பழைய பங்காளிப் பகை, ஏஜிஸ்தஸோட அப்பனுக்கு, அந்த ஆளு பெத்த பிள்ளைங்களையே சமைச்சுப் போட்டவன் அகமெம்னானோட அப்பன். குடும்பமே அப்படி. அது கூடப் பரவால்ல. கஸாண்ட்ராவை எதுக்குடி வெட்டினே? அவ நாடு போச்சு, அப்பா போனார், பிடிச்சுக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. அப்போலோங்கிற சாமியோட சாபத்தால அவ சொல்ற எதிர்காலத்தை யாரும் நம்ப மாட்டாங்க, இந்த வீட்டுல ரத்த வாடை அடிக்குதுன்னு வாசல்லயே கதறிட்டு, தெரிஞ்சே உள்ள போறா. பொண்ணுக்காகக் கொன்னேன்னு சொன்ன அம்மா இன்னொரு வீட்டுப் பொண்ணைக் கொன்னுட்டு, அது என் சந்தோஷத்துக்கு மேல தொட்டுக்கன்னு பேசறா. அங்க என்னால அவ கூட நிக்க முடியல.

ரெண்டாவது நாடகம், பையன் ஒரெஸ்டஸ் திரும்பி வர்றான். சின்ன வயசுலயே வெளியூர் அனுப்பப்பட்டவன், அப்பனைக் கொன்னவங்களைக் கொல்லுன்னு டெல்ஃபி கோயில்ல அப்போலோ குறி சொல்லிட்டார். அக்கா எலெக்ட்ராவை அப்பா சமாதியில பாக்கறான், அப்புறம் வழிப்போக்கன் மாதிரி கதவைத் தட்டி ஒரெஸ்டஸ் செத்துட்டான்னு செய்தி சொல்றான். அதைக் கேட்டு அவனை வளத்த கிழவி ஒருத்தி அழுதுக்கிட்டே வருவா. ராஜா ராணி அழுகை கிடையாது அது. ராத்திரி எல்லாம் கத்துவான், பச்சப்புள்ளைக்குப் பசிக்குதா தாகமா ஒண்ணுக்கு வருதான்னு சொல்லத் தெரியுமா, நான்தான் குத்துமதிப்பா கண்டுபிடிப்பேன், பாதி நேரம் தப்பாயிடும், அப்புறம் துணி அலசறதும் நான்தான்னு புலம்புவா. 2,400 வருஷத்துக்கு மேல பழசு இந்தப் புலம்பல், கிரேக்கம் தெரியாத எனக்கு இங்கிலீஷ்ல படிச்சப்பவே எங்க ஆயா குரல் கேட்டுச்சு. ஒரு ஆம்பளைதான் எழுதினான், எப்படி எழுதினான்னு தெரியல.

அதுக்கப்புறம் அம்மாவும் பையனும் நேருக்கு நேர். அவ மார்பைக் காட்டி, டேய் நில்லுடா, பல்லு முளைக்காத ஈறால இதுலதான பால் குடிச்சேங்கிறா. அவன் கை நின்னுடுது. கூட வந்த நண்பன் பிலாடீஸ் கிட்ட, நான் என்னடா பண்ணட்டும், பெத்த தாயாச்சேன்னு கேக்கறான். நாடகம் பூரா வாயே திறக்காம நின்ன பிலாடீஸ் அங்க மூணே வரி பேசுவான், அப்போ அப்போலோ சொன்னது என்ன ஆகுறது, ஊரையே பகைச்சுக்கலாம், சாமியைப் பகைச்சுக்காதேன்னு. அவ்வளவுதான், உள்ள இழுத்துட்டுப் போயிடறான். அப்பனும் அன்னிக்கு சாமி பேரைச் சொல்லித்தான் கத்தியை எடுத்தான், ஞாபகம் வச்சுக்குங்க.

இப்ப கோர்ட்டுக்கு வருவோம். தாயைக் கொன்னவனைத் துரத்திக்கிட்டு எரினீஸ்னு பழிதீர்க்கும் தெய்வங்கள் வருது, கிளைடெம்னெஸ்ட்ரா ஆவி வந்து தூங்கிட்டு இருந்ததுங்களை எழுப்பி விடுது, எனக்காகக் கோவப்பட ஒரு சாமி கூட இல்லையேன்னு அழுதுட்டு. ஓடி ஏதென்ஸ் வந்து சேந்தவனுக்காக அந்த ஊர் தெய்வம் அத்தீனா அரியோபகஸ் குன்றுல கோர்ட் வைக்கிறா, ஊர்க்காரங்க ஜூரி, ஒரெஸ்டஸ் தரப்புல அப்போலோவே ஆஜர். நீ உன் அம்மாவைக் கொன்னியான்னு கேட்டா, ஆமா, ஆனா நான் அவ ரத்தமாங்கிறான் ஒரெஸ்டஸ். அதுக்கு அப்போலோ வைக்கிற வாதம் என்ன தெரியுமா? அம்மாங்கிறவ பெத்தவளே கிடையாதாம். விதை போட்டவன்தான் பெத்தவன், அவ வெறும் அந்த விதையைக் காத்து வளக்கற விருந்தாளி வீடு மாதிரியாம். சாட்சி யாரு? அம்மா வயித்துல பிறக்காத அத்தீனா. நீதிபதியே சாட்சி! அவளும் எனக்குத் தாய் இல்ல, கல்யாணம் தவிர எல்லாத்துலயும் நான் ஆம்பளை பக்கம்தான்னு சொல்லி அவன் பக்கம் ஓட்டுப் போடறா. ஓட்டு சமம். சமம்னா விடுதலை. பையன் ஊருக்குக் கிளம்பிட்டான்.

இதைப் படிச்சு சிரிக்கறதா அழறதான்னு தெரியல. விதை யாருது நிலம் யாருதுன்னு பேசறது நமக்குப் புதுசா என்ன. என் பொண்ணு அட்மிஷன் அன்னிக்கு ஒரு கவுண்ட்டர்ல இனிஷியலுக்கு என் பேரோட முதல் எழுத்தைப் போடுங்கன்னு சொன்னேன், அந்தம்மா பேனாவைக் கீழ வச்சிட்டு "அப்பா இல்லையா?"ன்னு கேட்டாங்க. இருக்கார்ங்க, வெளிய வண்டி நிறுத்த இடம் தேடிட்டு இருக்கார்னேன். அப்போலோ வக்கீல் இன்னும் ப்ராக்டீஸ் பண்ணிட்டுதான் இருக்கார்.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். கோர்ட்டே வேண்டாம்னு நான் சொல்ல வரல. கி.மு. 462 வாக்குல எஃபியால்டீஸ்னு ஒரு தலைவர் அந்தக் குன்று பேர்ல நிஜமாவே இருந்த அரியோபகஸ் சபையோட அதிகாரத்தைப் பெரும்பாலும் பிடுங்கி மக்கள் சபை பக்கம் கொடுத்தார், கொலை வழக்கு விசாரிக்கற அதிகாரம் அதுங்கிட்டயே இருந்துச்சு, கொஞ்ச நாள்ல அவரையே கொன்னுட்டாங்க. அந்தச் சூடு ஆறாத ஊர்ல உக்காந்துதான் ஜனங்க இந்த நாடகத்தைப் பாத்தாங்க. அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி வெட்டிக்காதீங்கடா, ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுங்கடான்னு சொல்றது பெரிய விஷயம். தோத்துப்போன எரினீஸை அத்தீனா விரட்டாம, நாலு தடவை கெஞ்சிப் பேசி, உங்களுக்கு இங்கேயே இடம் தர்றோம், மரியாதை தர்றோம்னு ஊரோட சேத்துக்கறா பாருங்க, ஜெயிச்சவங்க இப்படிப் பேசி நான் அதிகம் பாத்ததில்ல. செஞ்சிவப்பு அங்கி போத்தி தீப்பந்தம் பிடிச்சு ஊர்வலமா கூட்டிட்டுப் போறாங்க, நாடகம் முடியுது.

ஆனா அந்த மூணாவது நாடகம் மொத்தத்துலயும் இஃபிஜெனியா பேரு ஒரு தடவை கூட வராது. நான் ரெண்டு மொழிபெயர்ப்புல தேடிப் பாத்துட்டேன். ஏன் புருஷனைக் கொன்னவளை விட்டுட்டுப் பையனை மட்டும் துரத்தறீங்கன்னு அப்போலோவும் ஒரெஸ்டஸும் எரினீஸைக் கேட்டு மடக்கறாங்க, அவ எதுக்குக் கொன்னான்னு கேள்வியே வரல. அம்மாவைக் கொன்ன அன்னிக்கு ஒரெஸ்டஸ், அப்பனைப் போத்திக் கொன்ன அந்த ரத்தக்கறை அங்கியை ஜனங்க முன்னாடி விரிச்சுக் காட்டுவான், சூரியனே பாத்துக்கோ, நாளைக்கு விசாரணை வந்தா நீதான் எனக்கு சாட்சின்னு. அவன் அப்பன் துணி பத்திரமா இருந்துச்சு. ஆலிஸ் துறைமுகத்துல தரையில வழிஞ்ச அந்தக் குங்குமப்பூ சாயத் துணியை யாரு எடுத்து மடிச்சு வச்சாங்க?